வீட்டுக்கு மாவு மில் வாங்குவது எப்படி: தானியத்தில் தொடங்கும் ஒரு வழிகாட்டி

வீட்டு மாவு மில் வாங்கக் கடைக்குப் போனால், விற்பனையாளர் முதலில் காட்டுவது கதவின் நிறத்தையும் அதன்மேல் அச்சிட்ட பூவேலையையும்தான். அடுத்து மோட்டாரின் குதிரைத்திறன், அதற்கடுத்துத் தவணை வசதி. அந்த வரிசையிலேயே நாமும் யோசித்தால், ஆறு மாதத்தில் அந்தப் பெட்டி பால்கனி மூலையில் செய்தித்தாள் அடுக்கும் இடமாகிவிடும். தேர்வு அடுக்களையில் தொடங்க வேண்டும். எந்தத் தானியத்தை, மாதத்துக்கு எத்தனை கிலோ, எந்தப் பதத்தில் அரைக்கிறோம் என்ற மூன்றும் தெளிவாகிவிட்டால், எந்த வகை இயந்திரம் வேண்டும் என்பது பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும். தமிழ்நாட்டு வீடுகளில் அரைபடும் பொருள்களை மனத்தில் வைத்தே இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. சந்தையில் உள்ள பெட்டி வடிவ இயந்திரங்களில் பல குஜராத்தின் ராஜ்கோட் பக்கத்தில் தயாராகின்றன. அவை கோதுமையை முதன்மையாகக் கருதிச் செய்யப்பட்டவை. இடியாப்பத்துக்கும் முறுக்குக்கும் அவை எவ்வளவு தூரம் பயன்படும் என்பதை வாங்குகிறவர்தான் சோதித்து அறிய வேண்டும்.

ஒரு மாதத்துக்கான பட்டியல்

கடைக்குப் போகும் முன் ஒரு தாளில், சென்ற மாதம் மில்லுக்குக் கொடுத்தனுப்பியவற்றையும் பாக்கெட்டாக வாங்கிய மாவுகளையும் எழுதிக்கொள்ளுங்கள். சப்பாத்திக்குக் கோதுமை, கூழுக்கும் களிக்கும் கேழ்வரகு, கம்பு, சோளம், இடியாப்பத்துக்கும் புட்டுக்கும் அரிசி மாவு, பஜ்ஜிக்குக் கடலை மாவு, முறுக்குக்கு வறுத்த உளுந்து, குழந்தைக்குச் சத்துமாவு, வருடத்துக்கு இரண்டு தடவை மிளகாய்த்தூள், மல்லித்தூள், சாம்பார்ப் பொடி என்று பட்டியல் நீளும். எழுதிய பிறகு அவற்றை இயந்திரத்தின் கண்ணோடு பிரித்துப் பாருங்கள். இயந்திரத்துக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: பொருள் காய்ந்ததா ஈரமானதா, எண்ணெய்ப் பசை உள்ளதா இல்லாததா, கடினமானதா மென்மையானதா.

காய்ந்த கோதுமை, கேழ்வரகு, கம்பு, சோளம், பச்சரிசி, கடலைப்பருப்பு ஆகியவற்றை ஏறக்குறைய எல்லா வீட்டு மில்களும் அரைத்துவிடும். வேர்க்கடலை, எள், தேங்காய் போன்ற எண்ணெய்ப் பசையுள்ளவற்றை எந்த வீட்டு மில்லிலும் போடக்கூடாது. அவை மாவாக உதிராமல் களிம்பாகிக் கல்லிலும் சல்லடையிலும் அப்பிக்கொள்ளும். சோயாவில் ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய் இருப்பதால் அதைத் தனியாக அரைக்காமல், கோதுமையோடு சிறிதளவு கலந்துதான் அரைக்க வேண்டும். விரலி மஞ்சளைத் தட்டி உடைக்காமல் போட்டால் தகடு வளையும்.

புதிதாகச் சிறுதானியத்துக்கு மாறியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கேழ்வரகும் கம்பும் சோளமும் கதிரடித்துத் தூற்றிய பிறகு அப்படியே அரைக்கத் தக்கவை. சாமை, தினை, வரகு, குதிரைவாலி ஆகியவை உமியோடு வருபவை. வீட்டு மாவு மில் உமி நீக்காது. உமியோடு சேர்த்துத் தூளாக்கிவிடும். வரகின் உமி பல அடுக்குகளாக இறுகி இருப்பதால் அந்த மாவு தொண்டையில் அறுக்கும். ஆகவே இந்த நான்கையும் சாமை அரிசி, தினை அரிசி என்று உமி நீக்கியதாகவே வாங்கி அரைக்க வேண்டும். 'சிறுதானியம் அனைத்தும் அரைக்கும்' என்று அட்டைப்பெட்டியில் எழுதியிருப்பதற்கு இதற்குமேல் பொருள் இல்லை.

பட்டியலின் அளவையும் கூட்டிப் பாருங்கள். மாதம் மூன்று நான்கு கிலோதான் வருகிறது என்றால், நல்ல மிக்சியும் ஒரு நைஸ் சல்லடையும் போதும். தனி இயந்திரம் தேவையில்லை. பத்துக் கிலோவைத் தாண்டினால் யோசிக்கலாம். ஆனால் பணம் மிச்சமாகும் என்பதற்காக வாங்குவதாக இருந்தால், ஒரு கணக்கைப் போட்டுவிடுவது நல்லது. எடுத்துக்காட்டாக, இயந்திரத்தின் விலை 18,000 ரூபாய், மாத அரவை 15 கிலோ, மில்லில் கிலோவுக்குக் கூலி 10 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கூலியில் மிஞ்சுவது மாதம் 150 ரூபாய். மின்சாரத்துக்குப் பன்னிரண்டு ரூபாயைக் கழித்தால் 138. போட்ட முதல் திரும்பி வர ஏறத்தாழ 11 ஆண்டுகள் ஆகும். அதற்குள் சல்லடைகளையும் தகடுகளையும் மாற்றியிருப்பீர்கள். கூலியை மிச்சப்படுத்த வீட்டு மில் வாங்குவது சரியான காரணம் அன்று. வேண்டியபோது வேண்டிய அளவு புதுமாவு கிடைப்பது, முன்னால் அரைத்தவருடைய மிளகாய் வாசனை நம் கேழ்வரகில் ஏறாமல் இருப்பது, மில் தொலைவில் இருப்பது, நம் கண்முன்னே புடைத்த தானியம் என்ற நிம்மதி ஆகியவையே நியாயமான காரணங்கள்.

கல்லா, தகடா?

கடையில் பல பெயர்களில் விற்றாலும், அடிப்படையில் தானியம் இரண்டு விதமாகத்தான் மாவாகிறது. ஒன்று, இரண்டு கற்களுக்கு இடையே நசுங்கித் தேய்வது. மற்றொன்று, வேகமாகச் சுழலும் எஃகுத் தகடுகளால் அடிபட்டுச் சிதறுவது.

இந்தியக் கடைகளில் அலமாரி வடிவில் கண்ணாடிக் கதவோடு நிற்பவற்றில் மிகப் பெரும்பாலானவை இரண்டாம் வகை. மேலே உள்ள வாயில் தானியத்தைக் கொட்டினால், அது சிறிது சிறிதாக எஃகு அறைக்குள் இறங்கும். அங்கே நிமிடத்துக்குச் சுமார் 2,800 சுற்றுச் சுழலும் தகடுகள் அதை அடித்து உடைக்கும். அறையைச் சுற்றி வளைந்திருக்கும் துளைத் தகட்டின் வழியே நுழையும் அளவுக்குப் பொடிந்த துகள் மட்டும் கீழே உள்ள பாத்திரத்தில் விழும். பொடியாதது மீண்டும் அடிபடும். அந்தத் துளைத் தகட்டைத்தான் கடைக்காரர்கள் ஜாலி என்றும் சல்லடை என்றும் சொல்கிறார்கள். இந்த வகையில் மாவின் பதத்தைத் தீர்மானிப்பது சல்லடையின் துளையே. பொதுவாக ஐந்தாறு சல்லடைகள் இயந்திரத்தோடு வரும். ஒன்று கடலை மாவுக்கு, ஒன்று சப்பாத்தி மாவுக்கு, பெரிய துளையுள்ளவை ரவைக்கும் குருணைக்கும். சல்லடையின் எண் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால், ஒருவர் சொன்ன எண்ணை மற்றொருவர் தம் இயந்திரத்தில் அப்படியே பின்பற்ற முடியாது.

கல் வகையில் ஒரு கல் அசையாமல் இருக்க மற்றொன்று சுழலும். நடுவில் குழியிட்டு முளைக்குச்சி வைத்த நம் பழைய திருகையின் வேலையைத்தான் மோட்டார் செய்கிறது. இங்கே சல்லடை இல்லை. இரு கற்களின் இடைவெளியைத் திருகிக் குறைத்தால் நைஸ், கூட்டினால் ரவை. கற்களில் வெட்டியிருக்கும் வரிகள் நாளடைவில் மழுங்கும். மழுங்கினால் மாவு சூடாகும், அரவை மெதுவாகும். ஒரு காலத்தில் தெருவில் 'அம்மி கொத்தலையா, ஆட்டுக்கல் கொத்தலையா' என்று கூவி வந்தவர்களின் வேலை இந்தக் கல்லுக்கும் தேவை. ஆனால் இன்று அதை அறிந்த ஆள் உங்கள் ஊரில் இருக்கிறாரா என்பதை வாங்கும் முன்பே விசாரிக்க வேண்டும். ஜெர்மனி போன்ற நாடுகளிலிருந்து வரும் சிறு மேசை மில்களில் குருந்தக் கல் என்ற மிகக் கடினமான கனிமத்தைப் பீங்கானோடு சேர்த்து இறுக்கிய அரவைக் கற்கள் இருக்கும். அவை வீட்டுப் பயன்பாட்டில் எளிதில் தேயமாட்டா. விலைதான் உள்நாட்டுப் பெட்டி மில்லைப்போலப் பல மடங்கு.

கல்லில் அரைத்தால் மாவு சூடாகாது, சத்துப் போகாது என்று பரவலாகச் சொல்கிறார்கள். அது அப்படியே உண்மை அன்று. மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தார் பல வகை ஆலைகளில் கோதுமையை அரைத்து ஒப்பிட்டபோது, கல் ஆலையில் வெப்பம் 90 டிகிரி செல்சியஸ் வரை போனது. தகடுகளால் அடித்து உடைக்கும் ஆலையில் அது 55 டிகிரியாகவே இருந்தது. அவை பெரிய ஆலைகள். மெதுவாகச் சுழலும் சிறு கல் மில்லில் அவ்வளவு சூடு ஏறாது. என்றாலும் கல் என்றாலே குளிர்ச்சி என்று எண்ணி அதிக விலை கொடுக்க வேண்டியதில்லை. கல்லின் உண்மையான சிறப்பு வேறு. கற்களுக்கிடையே நசுங்கும்போது கோதுமையின் மாவுச்சத்து மணிகள் மிகுதியாக உடைபடுகின்றன. உடைந்த மணி அதிகத் தண்ணீரை இழுக்கும். அதனால் பிசைந்த மாவு இளகி, சப்பாத்தி ஆறிய பிறகும் மென்மையாக இருக்கும். நாள்தோறும் சப்பாத்தி சுடும் வீடு, வேறெதுவும் அதிகம் அரைக்காத வீடு என்றால் கல் வகைக்குப் போகலாம். கோதுமை ஒரு பங்கும் மற்றவை மூன்று பங்குமாக அரைக்கும் நம் வீடுகள் பலவற்றுக்குத் தகடும் சல்லடையும் உள்ள பெட்டி மில்லே பொருந்தும் என்பது என் முடிவு. அதில் அரைத்த கோதுமை மாவைச் சற்று அதிகத் தண்ணீர் விட்டுப் பிசைந்து அரை மணி நேரம் மூடி ஊறவைத்தால், வேறுபாட்டில் பெரும்பகுதி சரியாகிவிடும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இணையத்தில் விற்கும், மூடியைக் கொக்கியால் இறுக்கும் குடுவை வடிவப் பல்வரைசர் மிளகு, சீரகம், மல்லி ஆகியவற்றை நிமிடக் கணக்கில் பொடியாக்கும். ஆனால் சில நிமிடங்கள் ஓட்டியதும் ஓய்வு கொடுத்தாக வேண்டும் என்பதால் கிலோக் கணக்கில் கோதுமை அரைக்க உதவாது. கோயம்புத்தூரிலிருந்து வரும் வெட் கிரைண்டர் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் ஊறவைத்து அரைக்க மட்டுமே. அதில் உலர் மாவு எடுக்க முயலக்கூடாது. வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் அமெரிக்காவில் வாங்கி அனுப்பும் மில்கள் 110 முதல் 120 வோல்ட்டுக்கானவை. அவற்றை நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் முதல் நாளே மோட்டார் எரிந்துவிடும்.

ஈர அரிசியின் கதை

தமிழ்நாட்டு வீட்டில் மாவு மில் ஏமாற்றம் தருவதற்கு முதல் காரணம் ஈர அரிசி. அதிரசத்துக்கும் கொழுக்கட்டைக்கும், பல வீடுகளில் இடியாப்பத்துக்கும் பச்சரிசியை ஊறவைத்து, நீரை வடித்து, துணியில் பரப்பி நிழலில் உலர்த்தி, கையில் பிடித்தால் ஈரம் தெரிகிற பதத்திலேயே இடிப்பது வழக்கம். தெரு மில்லில் இதற்கென்று தனி மெஷினே வைத்திருப்பார்கள். காய்ந்த கோதுமை ஓடும் மெஷினில் ஈர அரிசியைப் போடவிடமாட்டார்கள். காரணம் எளியது. ஈரமான மாவு சல்லடைத் துளைகளில் படிந்து இறுகிவிடும். துளை அடைந்ததும் அறைக்குள் மாவு தங்கும். தகடு அதையே திரும்பத் திரும்ப அடிக்கும். அறை சூடாகி, உள்ளே இருப்பது பாதி வெந்து ஒட்டிக்கொள்ளும். கடைசியில் மோட்டார் தானாக நின்றுவிடும். கல் வகையாக இருந்தால் கல்லின் வரிகளில் மாவு பூசிக்கொண்டு வழவழப்பாகிவிடும். அதைச் சுரண்டி எடுப்பது அரை நாள் வேலை.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. அதிரசம், கொழுக்கட்டை போன்றவற்றுக்கு எப்போதாவது ஒரு கிலோ என்றால், மிக்சியில் சிறுகச் சிறுக அரைத்துச் சலித்து, மேலே நிற்கும் குருணையை மீண்டும் போடுவதே சிறந்தது. இடியாப்பத்துக்கும் புட்டுக்கும் மாதக் கணக்கில் மாவு வேண்டும் என்றால், அரிசியைக் கழுவி வெயிலில் மொறமொறப்பாகக் காயவைத்து மில்லில் நைஸாக அரைத்து, அந்த மாவை வாணலியில் சிவக்காமல் வறுத்து வைத்துக்கொள்ளலாம். கொதிக்கும் நீர் விட்டுப் பிசைந்தால் பதம் சரியாக வரும். எப்படியானாலும் 'ஈர அரிசியும் அரைக்கும்' என்று விற்பனையாளர் உறுதி சொன்னால், நீங்கள் ஊறவைத்து உலர்த்திய அரைக் கிலோ அரிசியைக் கொண்டுபோய் அவர் கையாலேயே அரைக்கச் சொல்லுங்கள். பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

மிளகாயைப் பற்றியும் ஒரு சொல். பல பெட்டி மில்கள் மிளகாயையும் அரைக்கும் என்றே விற்கப்படுகின்றன, அரைக்கவும் செய்யும். ஆனால் அடுக்குமாடி வீட்டின் மூடிய அறையில் இரண்டு கிலோ மிளகாய் அரைப்பது என்ன என்பது அரைத்தவருக்கும் அடுத்த வீட்டாருக்கும்தான் தெரியும். அதற்குப் பிறகு எவ்வளவு துடைத்தாலும், அடுத்த தடவை அரைக்கும் குழந்தையின் சத்துமாவில் காரம் ஏறும். வருட மிளகாயை மில்லுக்கே அனுப்பிவிடுவது நல்லது. அதேபோல், கோதுமைப் புரதம் ஒவ்வாதவர் வீட்டில் இருந்தால், அவருக்கான அரிசி மாவையும் கேழ்வரகு மாவையும் கோதுமை ஓடிய இயந்திரத்தில் ஒருபோதும் அரைக்கக்கூடாது. அறையின் இடுக்கில் எஞ்சும் ஒரு சிட்டிகையே அவருக்குப் போதும்.

மோட்டாரும் மின்சாரமும்

வீட்டு மில்களில் பெரும்பாலும் 1 எச்.பி. மோட்டார் இருக்கும், அதாவது 746 வாட். இழப்பையும் சேர்த்தால் ஒரு மணி நேரம் ஓட ஏறக்குறைய ஒரு யூனிட் செலவாகும். மேலே சொன்ன 15 கிலோவை அரைக்க இரண்டு மணி நேரம் என்று கொண்டாலும், இரண்டு மாத மின் கட்டணத்தில் கூடுவது நான்கு யூனிட்டுதான். எனவே மின்சாரச் செலவைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. கவலைப்பட வேண்டியது இணைப்பைப் பற்றி. இந்த மோட்டார் தொடங்கும் நொடியில், ஓடும்போது எடுப்பதைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். ஆகவே செல்போன் செருகும் சிறு பிளக்கில் இணைக்காமல், ஏ.சி., கீசர் ஆகியவற்றுக்குப் போடுவது போன்ற 16 ஆம்பியர் பிளக்கில், எர்த் சரியாக உள்ளதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்த பிறகே இணைக்க வேண்டும். நீட்டிப்பு ஒயர் கூடாது. வீட்டு இன்வர்ட்டரில் இது ஓடாது. மாலை நேரத்தில் மின்னழுத்தம் குறையும் ஊரென்றால் காலையில் அரைத்துக்கொள்வது மோட்டாருக்கு நல்லது.

குதிரைத்திறனைவிட முக்கியமான இரண்டு உள்ளன. சுமை மிகுந்தால் தானாக நிற்கும் பாதுகாப்புச் சுவிட்ச் இருக்க வேண்டும். அரவை அறையின் கதவைத் திறந்த நொடியில் மோட்டார் மின்சாரம் துண்டிக்கப்பட வேண்டும். இரண்டாவதைக் கடையிலேயே சோதித்துப் பாருங்கள். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் இதற்குச் சமரசம் கிடையாது. தானியம் உணரும் கருவி, தானாக நிற்கும் நேரக் கட்டுப்பாடு, உள்ளே எரியும் விளக்கு ஆகியவை இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் மாவு மாவுதான்.

துருப்பிடிக்காத எஃகு என்பதை நிரூபிக்கச் சில கடைகளில் காந்தத்தை வைத்து, அது ஒட்டாததைக் காட்டுவார்கள். காந்தம் ஒட்டவில்லை என்பதால் மட்டும் அது துருவை நன்கு தாங்கும் 304 தர எஃகு என்று ஆகிவிடாது. விலை குறைந்த 202 தரத்திலும் காந்தம் ஒட்டாது. எழுத்தில் கேளுங்கள், பில்லில் குறித்துத் தரச் சொல்லுங்கள்.

கடையில் அரைத்துப் பார்த்தல்

வீட்டில் பயன்படுத்தும் கோதுமையிலேயே ஒரு கிலோவும் கேழ்வரகில் அரைக் கிலோவும் எடுத்துப் போங்கள். கடைக்காரர் தயாராக வைத்திருக்கும் கோதுமை சுத்தமானது, நன்கு உலர்ந்தது. அதில் எந்த இயந்திரமும் நன்றாக அரைக்கும். முதலில் கேழ்வரகை அரைக்கச் சொல்லுங்கள். மணி மிகச் சிறியது என்பதால் வாயிலிருந்து மளமளவென்று இறங்கி அறையை அடைத்துவிடும். இறங்கும் அளவைக் குறைக்கும் அமைப்பு உண்டா, அதைத் திருப்பினால் உண்மையில் வேகம் குறைகிறதா என்பது இதில் தெரிந்துவிடும்.

பிறகு கோதுமை. அரைக்கும்போதே பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தால் அதிர்வு தெரியும். உச்சியில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்தால் அது நகர்ந்து வரக்கூடாது. முடிந்ததும் கீழ்ப் பாத்திரத்தின் மூடியைத் திறக்கும்போது மாவு புகையாகக் கிளம்புகிறதா, பாத்திரத்தின் விளிம்பைச் சுற்றியுள்ள துணி உறை இறுக்கமாக உள்ளதா என்று பாருங்கள். மாவுக்குள் கையை விடுங்கள்: வெதுவெதுப்பாக இருப்பது இயல்பு, கை பொறுக்காத சூடாக இருந்தால் சல்லடை அந்தத் தானியத்துக்குப் பொருந்தவில்லை, அல்லது கடையில் காட்சிக்கு வைத்து ஓட்டித் தகடு மழுங்கிப்போன இயந்திரத்தைக் காட்டுகிறார்கள். ஒரு சிட்டிகையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே தேய்த்தால், சப்பாத்தி மாவில் மெல்லிய கொரகொரப்பு இருக்கலாம். இடியாப்ப மாவில் எதுவும் தட்டுப்படக்கூடாது. கடைசியாக அந்தச் சிட்டிகையை நாக்கில் வைத்துப் பல்லால் மெல்லக் கடியுங்கள். நறநறவென்றால், அது தானியத்தில் இருந்த மண்ணாக இருக்கலாம், கல் மில்லாக இருந்தால் கல்லிலிருந்து உதிர்ந்த துகளாகவும் இருக்கலாம். புடைத்துக் கல் பார்த்த தானியத்தை நீங்கள் கொண்டுபோயிருந்தால் எது என்பதில் ஐயம் வராது.

அரைக்க ஆன நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். மணிக்கு இத்தனை கிலோ என்று விளம்பரத்தில் போடும் எண் பெரும்பாலும் பெரிய துளைச் சல்லடைக்கானது. நைஸ் சல்லடையில் அது பாதியாகக் குறைந்தாலும் வியப்பதற்கில்லை.

கடையை விட்டு வரும் முன் கேட்க வேண்டிய கேள்விகளில் பெரியது உதிரிப் பொருள் பற்றியது. சல்லடையும் தகடும் தேயும் பொருள்கள். அவை இதே கடையில் தனியாகக் கிடைக்குமா, என்ன விலை, மோட்டாருக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம், மற்ற பாகங்களுக்கு எத்தனை மாதம், பழுது பார்ப்பவர் வீட்டுக்கு வருவாரா என்று கேளுங்கள். நாற்பது கிலோ எடையுள்ள பெட்டியை இறக்கி ஆட்டோவில் ஏற்றி ஊர்விட்டு ஊர் கொண்டுபோகும்படி நேர்ந்தால், இணையத்தில் இரண்டாயிரம் ரூபாய் குறைவாக வாங்கியதன் மகிழ்ச்சி அன்றே தீர்ந்துவிடும்.

வீட்டுக்கு வந்த பிறகு

மழைச் சாரல் படாத, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிய, சமதளமான இடம் வேண்டும். மோட்டார் காற்றை இழுக்கும் துளைகள் சுவரோடு ஒட்டிக்கொண்டால் சூடு வெளியேறாது. மாடி வீட்டில் அடியில் தடித்த ரப்பர் விரிப்பைப் போட்டால் கீழ்வீட்டாரின் பொறுமை சற்று நீடிக்கும்.

முதல் அரவையைச் சமையலுக்கு எடுக்காதீர்கள். பழைய கோதுமையோ விலை குறைந்த அரிசியோ இரண்டு கிலோவைப் போட்டு அரைத்துக் கொட்டிவிட வேண்டும். தொழிற்சாலைத் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் அதோடு போகும். கல் மில்லில் புதுக் கல்லின் தூளும் சேர்ந்து வரும் என்பதால், மாவு சுத்தமாக வரும் வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும்.

தானியத்தைக் கழுவிக் காயவைத்து அரைப்பது நம் வழக்கம். கழுவுவதில் தவறில்லை; காய்வதில்தான் எல்லாம் இருக்கிறது. மேலே தொட்டால் உலர்ந்தாற்போல இருக்கும் கோதுமையின் உள்ளே ஈரம் நிற்கும். ஒரு மணியைப் பல்லிடுக்கில் வைத்துக் கடித்தால் வறுத்த கடலைபோல டக்கென்று உடைய வேண்டும். நசுங்கினால் இன்னும் ஒரு வெயில் தேவை. முளைகட்டிய கேழ்வரகுக்கு இது இன்னும் கண்டிப்பான விதி. காய்ந்த பிறகு முறத்தில் புடைத்துக் கல்லும் தூசியும் நீக்கி, ஒரு சிறு காந்தத்தைத் தானியத்தில் துழாவி எடுங்கள். சாக்குத் தைத்த ஊசித்துண்டும் கம்பித் தூளும் அதில் ஒட்டுவதைப் பார்த்தால் இந்த வேலையை நீங்கள் மறுபடி விடமாட்டீர்கள்.

மோட்டாரை ஓடவிட்ட பிறகே தானியத்தை இறக்க வேண்டும். அறையில் தானியம் நிறைந்திருக்கும்போது சுவிட்சைப் போட்டால் தகடு சிக்கிக்கொள்ளும், மோட்டார் உறுமும். முடிக்கும்போதும், தானியம் தீர்ந்த பிறகு அரை நிமிடம் வெறுமனே ஓடவிட்டு நிறுத்துங்கள். நடுவில் மின்சாரம் போய்விட்டால், பிளக்கைக் கழற்றி, அறையில் எஞ்சியதைக் கையால் வழித்தெடுத்த பிறகே மறுபடி தொடங்க வேண்டும். வெள்ளை நிறப் பொருளிலிருந்து கருமைக்கு என்று வரிசை வைத்துக்கொண்டால் துடைக்கும் வேலை குறையும்: முதலில் அரிசி, அடுத்து கோதுமை, பிறகு கேழ்வரகு, கம்பு.

தண்ணீரால் கழுவும் எண்ணமே வேண்டாம். காய்ந்த தூரிகையால் அறை, சல்லடை, கதவின் ரப்பர் ஓரம் ஆகியவற்றைத் தட்டித் துடைப்பதே போதும்; சல்லடையைச் சுவரோரம் சாய்த்து வெயில் காட்டலாம். அறையின் மூலையிலும் ரப்பர் ஓரத்தின் அடியிலும் தங்கும் மாவில்தான் வண்டு வைக்கும். இரண்டு வாரம் அரைக்காமல் விட்டு, திறந்து பார்த்தால் நூலாம்படை போல மெல்லிய இழை தெரிந்தால் அந்துப்பூச்சி குடியேறிவிட்டது என்று பொருள். வெளியூர் போகும் முன் கழற்றித் துடைத்து, கதவைச் சற்றுத் திறந்துவைத்துப் போவது நல்லது.

அரைத்த மாவை உடனே டப்பாவில் அடைக்காமல், அகலமான தாம்பாளத்திலோ செய்தித்தாள் விரித்த முறத்திலோ பரப்பிச் சூடு ஆறவிட வேண்டும். சூட்டோடு மூடினால் மூடியின் அடியில் வியர்த்து, மாவு கட்டிதட்டும். வீட்டில் அரைத்த கோதுமை மாவில் தவிடும் முளையும் முழுதாகச் சேர்ந்திருப்பதால், முளையிலுள்ள எண்ணெய் காற்றுப் பட்டுச் சிக்கு வாசனை பிடிக்கும். கோடையில் இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் வெளியில் வைக்க வேண்டாம். கம்பு மாவு இதைவிட விரைவில் கசந்துவிடும். கம்பில் கொழுப்பு கோதுமையையும் கேழ்வரகையும்விட மிகுதி. ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரைத்து, அதையும் குளிர்பெட்டியில் வைத்து எடுப்பது முறை. கேழ்வரகு மாவு கொழுப்புக் குறைந்தது என்பதால் ஒரு மாதம் வரை தாங்கும்.